ஒற்றை ஃபிலிமில் பார்த்த சூரியன்

பாஸ்போர்ட் வந்துவிட்டது, லே. அறுபத்து மூன்று வயதில் எனக்கு வாய்த்த முதல் பாஸ்போர்ட். போட்டோவில் பல்வலிக்காரனைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறேன். 'உங்க நெச முகமே அதான், புதுசா என்ன?' என்கிறாள் உன் அம்மா. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே உனக்கு ஃபோன் போட்டு, 'டிக்கெட்டப் போடுலே, எகிப்துக்குக் கிளம்பிட்டேன்' என்று தெருவே கேட்கக் கத்தியிருக்க வேண்டும். ஆனால் நான்கு நாளாக ஃபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உன் வலது கண்ணைப் பற்றியது. பதினாறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருப்பது. அதைச் சொல்லாமல் விமானத்தில் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முழுச் சூரிய கிரகணம் பார்க்க வருவதற்கு எனக்கு மனசு இடம் கொடுக்கவில்லை. ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் இருமுவேன், 'சாப்பிட்டியா' என்று பேச்சை மாற்றுவேன். அதனால் எழுதுகிறேன். நடுவில் கோபம் வரும். வரட்டும். கடைசி வரைக்கும் படித்துவிடு.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டையாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துபோகும். திருவேங்கடம் பக்கத்து ஆள், தொப்பையும் சிரிப்புமாக இருந்தார். அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே, 'எகிப்துல யாரு இருக்கா அண்ணாச்சி?' என்று கேட்டார். 'யாருமில்ல. கிரகணம் பாக்கப் போறோம், நானும் எம் பையனும்' என்றேன். மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 'கிரகணம்னா எல்லாரும் வீட்டுக்குள்ள போயி கதவ அடைப்பாங்க. நீங்க பிளேன் ஏறிப் போயி வெளிய நிக்கப் போறியளா?' 'ஆமா. ஆறு நிமிசத்துக்கு மேல பட்டப்பகல்ல இருட்டிருமாம்.' 'நம்ம ஊர்ல கரண்டு போனா ஆறு மணி நேரம் இருட்டாத்தானே கெடக்கு' என்றார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு உன் போட்டோவைச் சுவரில் பார்த்தார். 'இந்தத் தம்பி எஸ்.ஐ. செலக்ஷனுக்கு வந்தவன்லா? அன்னைக்கு நான் கிரவுண்டு டூட்டி. கயித்துல என்னமா ஏறுனான்! மெடிக்கல்ல கண்ணுலதானே போச்சு?' என்றார். ஆமாம் என்றேன். 'சின்ன வயசுல ஏதோ விளையாட்டுல ஆக்கிக்கிட்டானாம்லா, பசங்க சொன்னாங்க' என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் போன பிறகு அரைமணி நேரம் வாசலிலேயே நின்றேன்.

நீ எகிப்துப் பயணத்தைச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது, தெரியுமா? பயத்தால் இல்லை, அரிப்பால். எதையாவது தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத அரிப்பு. டார்ச்சையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு சுவரில் நிழல் விட்டுப் பார்க்கிறேன். சந்திரன் அவ்வளவு சின்னது, சூரியன் அவ்வளவு பெரிது, இரண்டும் ஒரே அளவாகத் தெரிகிற இடத்தில் நம்மைக் கொண்டுவந்து வைத்தது யார்? யாரும் வைக்கவில்லை என்றால் அது இன்னும் பெரிய ஆச்சரியம் இல்லையா? முழுக்க மறையும்போது குளிருமாமே, எவ்வளவு குளிரும்? துண்டு கொண்டுவர வேண்டுமா? எகிப்து நாய் குரைக்குமா, படுத்துக்கொள்ளுமா? இதே மாதிரி குற்றாலத்தில் முழுசாக இருட்டினால் குரங்குகளெல்லாம் பிடுங்கின தேங்காய் மூடியைப் போட்டுவிட்டு மரத்துக்கு ஓடுமா? உன் அம்மா, 'அதுகளுக்கு உங்களவிட புத்தி ஜாஸ்தி' என்கிறாள். நீ வேறு சொன்னாய், முழுக்க மறைந்த பிறகு கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கலாம், சூரியனைச் சுற்றி வெள்ளை முடி விரித்த மாதிரி ஒளி தெரியும் என்று. அதைக் கேட்ட நிமிஷம் எனக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது. உன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நீ வலது கண்ணால் பார்த்தால் நடுவில் இருக்கிற எதுவும் தெரியாதே. அந்த வெள்ளை ஒளி மட்டும் சுற்றிலும் தெரியுமா? இதை உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து ஃபோன் பண்ணினபோது சொன்னாயே: 'அன்னைக்கு சாயங்காலம் நம்ம ஊர்லயும் ஒரு ஓரமாத் தெரியும்ப்பா. பழைய எக்ஸ்ரே ஃபிலிமெல்லாம் மச்சுல இருக்குல்லா? அக்கா மகளுக்கு வெட்டிக் குடுத்துட்டுக் கிளம்புவோம். அவகிட்ட சொல்லிருங்க, மாமா மாதிரி ஃபிலிம எடுத்துட்டுப் பாக்கக் கூடாதுன்னு.' நான் உடனே, 'அதெல்லாம் எலி கடிச்சிட்டு, எறிஞ்சாச்சு' என்றேன். நீயும் சரி என்று விட்டுவிட்டாய். எலியும் கடிக்கவில்லை, எறியவும் இல்லை. ஒரு கட்டு அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளைக்கு எட்டு வயசு. அவள் கையில் ஃபிலிம் போகாமல் தடுக்க எனக்கு அந்த எலி போதும். ஒரு பொய்யில் காரியம் முடிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் 'மாமா மாதிரி' என்று நீ சொன்னாய் பார், அது என்னை உட்கார விடவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயசு, நாலாங்கிளாஸ். மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் ஒரே நாளில் வந்து, அன்றைக்கே கிரகணமும் வந்தது. முழுக் கிரகணம் இல்லை, நடுவில் மறைந்து சுற்றிலும் வளையமாகத் தெரிகிற வகை. நம் தென்காசிக்கு நேராகவே வந்தது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஊருக்கே 'எக்ஸ்ரே அண்ணாச்சி'. பத்து நாளுக்கு முன்பே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், 'அண்ணாச்சி, ஒரு ஃபிலிம் தாங்க' என்று. வெளிச்சம் பட்டு வீணாய்ப்போன ஃபிலிம்களை டெவலப்பர் கரைசலில் முக்கினால் முழுக் கறுப்பாக வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, தெரு முழுக்கக் கொடுத்தேன். 'ரெண்டு மடிப்பு இல்லாமப் பாக்கக் கூடாது, ஆமா' என்று டாக்டரைப் போல ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அந்த ஒரு வாரம் நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். கலெக்டர்கூட அப்படி நடக்க மாட்டார்.

அன்றைக்கு மதியம் உன் அம்மாவும் அக்காவும் முறைப்படி அடுக்களையில் இருந்தார்கள். சோற்றுப்பானையில் தர்ப்பை போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவிட்டு, 'நிக்குது பாரு, நிக்குது பாரு' என்று கூவிக்கொண்டிருந்தார். நானும் நீயும் பின்வாசலில் நின்றோம். வெயில் இருந்தது, ஆனால் வெயிலாக இல்லை. மேகமே இல்லாமல் மந்தாரம் போட்ட மாதிரி. காக்கையெல்லாம் எதற்கென்று தெரியாமல் சுற்றின. அடுக்களையிலிருந்து உன் அம்மா, 'இந்தாங்க, இங்கன வந்து பாருங்க! ஓட்டுப் பொத்தல் வழியா தரையில வளையம் வளையமா வெளிச்சம் விழுது!' என்று கூப்பிட்டாள். நீ ஓடப் பார்த்தாய். நான் உன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். 'ஏட்டி, நாங்க மேல நெசத்தையே பாக்குதோம், நீ தரையப் பாத்துக்கிட்டிரு' என்றேன். அந்தப் பொத்தல் வழியாக விழுந்ததும் அதே சூரியன்தான், கண்ணுக்கு ஒரு கெடுதலும் செய்யாத சூரியன். அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததை ஒன்பது வயதுப் பிள்ளை ஓடிப்போய்ப் பார்க்க நினைத்தது. எல்லாம் தெரிந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

இரட்டை ஃபிலிமைக் கண்ணில் வைத்துவிட்டு நீ, 'அப்பா, ஒண்ணும் சரியாத் தெரியலப்பா, கறுப்பா இருக்கு' என்றாய். நான் வாங்கிப் பார்த்தேன். மங்கலாகத் தெரிந்தது. வளையம் முழுசாகப் பூட்டுகிற நேரம். பத்து நிமிஷம்தான் இருக்கும், என் மகன் அதைத் தெளிவாகப் பார்க்காமல் போய்விடுவானே என்று எனக்கு ஒரு பதற்றம். ஸ்டேப்ளர் பின்னைப் பிய்த்து, ஒரு ஃபிலிமை உருவி எடுத்தேன். ஒற்றை ஃபிலிம் வழியாக நான் முதலில் ஒரு நொடி பார்த்தேன். ஏயப்பா! பொன் வளையல் ஒன்றை ஆகாயத்தில் மாட்டின மாதிரி இருந்தது. 'இப்பப் பாருலே' என்று உன் கையில் கொடுத்தேன். நீ துப்பாக்கி குறிபார்க்கிறவனைப் போல இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாய். அப்போதே போலீஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அல்லவா. நான் எக்ஸ்ரே மேஜையில் நோயாளியிடம் சொல்வதைப் போல, 'ஆடாதே, அப்படியே நில்லு' என்றேன். நீ நின்றாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். வளையம் பூட்டி, விடுபடுகிற வரைக்கும்.

இதுதான், தம்பி. இரண்டாக இருந்ததை ஒன்றாக ஆக்கியது நான்.

கிரகணம் விட்டதும் குளிக்க வேண்டும் என்று அம்மா பிடித்த பிடியில் டவுன் பஸ் ஏறிக் குற்றாலம் போனோம். பேரருவியில் தை மாசத்துத் தண்ணீர், கனம் இல்லாமல் ஆனால் அழகாக விழுந்தது. கோவில் நடை சாத்தியிருந்து அப்போதுதான் கழுவித் திறந்துகொண்டிருந்தார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்த கூட்டம் ஒரு பக்கம், குளிக்கிற கூட்டம் ஒரு பக்கம். நீ ஈரத்தோடு நின்று ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தாய். 'அப்பா, அருவிக்கு நடுவுல ஒரு இடத்துல தண்ணியக் காணும்.' 'எங்கலே?' 'நான் எங்க பாத்தாலும் அங்கன.' எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று வேறு யாரிடமாவது சொல்லலாம், உன்னிடம் சொல்ல மாட்டேன். 'வெயிலப் பாத்தா அப்படித்தான் இருக்கும், தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்' என்று சொல்லி உன் தலையைத் துவட்டினேன். தூங்கி எழுந்தாய், சரியாகவில்லை. வாத்தியார் கூப்பிட்டு, 'வாசிக்கும்போது ஒரு கண்ண மூடிக்கிடுதான்' என்று சொன்ன பிறகு, திருநெல்வேலிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அந்த டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். நடுவில் சின்னதாகச் சுட்டிருக்கிறது, கொஞ்சம் தெளியும், முழுசாகத் தெளியுமா என்று சொல்ல முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, 'எது வழியாப் பார்த்தான்?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நான் சொன்ன பதில் இது: 'ஃபிலிம் குடுத்தேம்மா, டபுள் ஃபிலிம். எக்ஸ்ரேல வேலை பாக்குதவன், எனக்குத் தெரியாதா? இந்தப் பயதான் எடுத்துட்டு வெறுங்கண்ணால பாத்துட்டான்.' டாக்டரம்மா உன் பக்கம் திரும்பி, 'அப்படியாப்பா?' என்றார். நீ தலையாட்டினாய். அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு ரோஸ்மில்க் வாசனை ஆகாது. பல் கூசுகிறது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். தெரு முழுக்க ஃபிலிம் கொடுத்தவன் நான். எக்ஸ்ரே அண்ணாச்சி சொந்தப் பிள்ளையின் கண்ணைக் கெடுத்தான் என்று ஊர் பேசுமே என்ற பயம். ஆஸ்பத்திரியில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் பெரிய காரணம் வேறு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கை எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது, அதை விட மனசில்லை. உன் மேல் பழியைப் போட்டால்கூட அந்த நம்பிக்கை அப்படியே இருக்கும் என்று கண்டுபிடித்தேன். இருந்தது. நீ இன்னும் அதிகமாகவே என்னை நம்பினாய். உன்னைத்தான் நம்பாமல் போனாய். ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மூன்று தடவை படிக்கிறாய். கேஸை அணைத்துவிட்டுப் படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்க்கிறாய். யார் மேல் தப்பு இருந்தாலும் 'சாரி' என்று முதலில் நீதான் சொல்கிறாய். எஸ்.ஐ. செலக்ஷனில் ஓட்டம், கயிறு எல்லாவற்றிலும் முன்னால் நின்று, மெடிக்கலில் திருப்பி அனுப்பப்பட்டு வந்த அன்றைக்கு, நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். 'நீங்க என்னப்பா பண்ணுவீங்க, நான் அன்னைக்கு சொன்ன பேச்சக் கேட்டிருந்தா இது வந்திருக்காது' என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். நான் சும்மா இருந்தேன், லே. வாயில் சோறு இருந்தது, மென்றுகொண்டே சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அந்தச் சோற்றை விழுங்கியதுதான்.

ரிட்டையர் ஆன பிறகு இதைப் பற்றிப் படித்தேன். இரட்டை ஃபிலிமும் தப்புதானாம். கறுப்பாகத் தெரிவதால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அது குறைக்கும், தெரியாத கதிர் அதுபாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும், வலிக்கக்கூடச் செய்யாது. இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், அழுகையும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிரோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவன் நான். ஈய அங்கி போடாமல் அந்த அறைக்குள் ஒருத்தரையும் நிற்க விட்டதில்லை. கர்ப்பிணி என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் சூரியனிடம் மட்டும், தெரிகிறது மட்டும்தான் வெளிச்சம் என்று நம்பிவிட்டேன். அன்றைக்கு ஃபிலிம் வாங்கிப்போனவர்களில் வேறு யாருக்காவது ஏதாவது ஆனதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவன், இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் இருந்தேன் பார். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஆசையாக எதையும் காட்டு, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கூட்டிப்போ. எது வழியாகப் பார்க்கிறோம் என்று மட்டும் இன்னொருத்தரிடம் கேட்டுக்கொள். ஒரு பிள்ளை தலையாட்டிவிட்டது என்பதற்காக, அது செய்தது என்று முடிவுகட்டாதே.

அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை நிறுத்தாமல், 'தெரியும்' என்றாள். 'அடுக்களை வாசல்ல நின்னேன்லா. நீங்க பின்னப் பிச்சி ஒரு ஃபிலிம உருவுனதப் பாத்தேன். அது எதுக்குன்னு அப்பப் புரியல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, பய எடுத்துட்டுப் பாத்துட்டான்னு சொன்னீங்கல்லா, அப்பப் புரிஞ்சுது.' ஏன் கேட்கவில்லை என்றேன். 'நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். பெறகு கேக்க வெக்கமாப் போச்சு. எந் தப்பையும் சேத்து எழுதுங்க' என்றாள். எழுதிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே மச்சில் இருந்த ஃபிலிம் கட்டை இறக்கி, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினோம், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து.

அடுத்து வாசுதேவநல்லூருக்கு, உன் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். பிள்ளை விஷயம், என் தைரியத்துக்காகக் காத்திருக்கக் கூடாது இல்லையா. முதலில் அம்மா பேசினாள். இடியாப்ப அச்சை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தரையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிச் சூரியன் விழுகிறது, கிரகணத்தன்று எல்லாமே கடித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும், பிள்ளை குனிந்து தரையைப் பார்த்தால் போதும் என்று அவளுக்கு ஒரே குதூகலம். சோதித்தும் பார்த்தாயிற்று, அச்சு அசலாக விழுகிறது! எத்தனை ஓட்டையோ அத்தனை சூரியன். ஒரு அடி தள்ளிப் பிடித்தால் பெரிதாகிறது, மங்குகிறது. ஏன் என்று நானும் அவளும் இரண்டு நாளாகச் சண்டை போடுகிறோம், உனக்குத் தெரிந்தால் எழுது. பிறகு நான் ஃபோனை வாங்கி, உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, 'பொண்ணு பாக்கப் போன எடத்துல கண்ணப் பத்திக் கேட்டாங்கல்லாப்பா, நான் பக்கத்துல இருந்தேன். எந் தப்பு, சின்னப் புள்ளைல அடங்காம இருந்தேன்னு தம்பி சொன்னான். அந்தச் சம்பந்தம் தட்டிப்போச்சு' என்றாள். 'அவன்ட்டச் சொன்னீங்களா?' என்றாள். இனிமேல்தான் என்றேன். வைத்துவிட்டாள். நேற்று நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. தினமும் காலையில் 'அப்பா, மாத்திரை போட்டாச்சா' என்று கேட்கிற பிள்ளை.

அதனால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. எக்ஸ்ரே ஃபிலிம் கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், எகிப்து வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறவன் நீ, அதைப் படிக்காமலா இருந்திருப்பாய்? தெரிந்துகொண்டேதான் ஃபிலிமைக் கேட்டாயா? நான் வாய் திறக்கிறேனா என்று பார்த்தாயா? அப்படியென்றால் எலிக் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்? தெரியாமல்தான் கேட்டாய் என்றால், அதையும் சொல்லிவிடு. டிக்கெட் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். எனக்குப் போடாவிட்டால் கோபப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், அதை மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. ஆனால் நீ கட்டாயம் போ. முழுசாக மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் திறந்து பார். பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் யாரிடமாவது சொல். என்னிடம் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை. ஃபிலிமை எடுத்துவிட்டு ஒரு நொடி வெறுங்கண்ணால் பார்த்தது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொல்வாய். பலபேரிடம் சொல்லியிருக்கிறாய். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நான் உன் பின்னால்தான் நின்றேன், வளையம் விடுகிற வரைக்கும் என் கை உன் தோளில் இருந்தது. நீ ஃபிலிமை ஒரு மயிரிழைகூட விலக்கவில்லை. திருநெல்வேலிக்கு அந்த டாக்டரம்மாவிடம் போகும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய். பாவூர்சத்திரம் தாண்டினதும் நான் கேட்டேன், 'நீ ஃபிலிம எடுத்துட்டுத்தானே பாத்த?' 'இல்லப்பா' என்றாய். ஆலங்குளத்தில் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். 'இல்லப்பா' என்றாய். பேட்டை வருகிற வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேட்டையில் மூன்றாவது தடவை கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்துவிட்டு, 'எடுத்திருப்பேம்ப்பா' என்றாய்.

நீ எடுக்கவில்லை, ராசா. முதல் இரண்டு தடவை சொன்னாயே, அதுதான் உண்மை.

அப்பா